இடுப்பு மூட்டு மாற்று: எந்த முறையில் எவ்வளவு எலும்பு மிஞ்சும்? மலையக வாசகர்களுக்கான கேள்வி பதில்

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது செலவு. அடுத்தது, "பழையபடி நடப்பேனா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் 60 வயதுக்குக் கீழே உள்ளவர் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்றும் உண்டு: போடுகிற மூட்டும் ஒருநாள் தேய்ந்தால், அடுத்ததைப் பொருத்த என் எலும்பில் இடம் இருக்குமா? இந்தப் பக்கம் அதைப் பற்றியது. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியரின் பேச்சுக்கு இது ஈடாகாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாம், அவ்வளவுதான்.

மூட்டு மாற்றில் எந்த எலும்பை வெட்டுகிறார்கள்?

தொடையெலும்பின் மேல்நுனியில் உருண்டையான தலை இருக்கிறது. அதற்குக் கீழே சரிவான கழுத்து. தலை சுழல்வது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணக்குழிக்குள். வழக்கமான முழு மாற்றில் கழுத்தை அறுத்துத் தலையை எடுத்துவிடுவார்கள். பிறகு தொடையெலும்பின் உள்ளே மச்சை இருக்கும் குழாயை ராவி அகலப்படுத்தி, பெரும்பாலும் 12 முதல் 15 சென்ரிமீற்றர் நீளமான உலோகத் தண்டை இறக்குவார்கள். கிண்ணக்குழிப் பக்கம் மிஞ்சிய குருத்தெலும்பையும் அதன் அடியில் சில மில்லிமீற்றர் எலும்பையும் குடைந்து புதுக் கிண்ணம் வைப்பார்கள்.

ஆக, சத்திரசிகிச்சை மேசையில் எலும்பு போகிற இடங்கள் மூன்று: தலையும் கழுத்தும், தொடையெலும்பின் குழாய், கிண்ணக்குழி. "எலும்பைக் காப்பாற்றும் முறை" என்று எதையாவது சொன்னால், இந்த மூன்றில் எதைக் காப்பாற்றுகிறது என்று கேளுங்கள். மூன்றையும் ஒரே அளவில் காப்பாற்றும் முறை எதுவும் இல்லை.

வெட்டிய எலும்பு மட்டும்தானே கணக்கு?

இல்லை. கத்தி படாமலே, வருடக் கணக்கில் மெல்லப் போகிற எலும்பும் உண்டு. அதுவும் கணிசமாக இருக்கலாம். இரண்டு வழிகளில் போகிறது.

முதலாவது, சுமை இல்லாமல் மெலிவது. சுமை ஏறுகிற இடத்தில் எலும்பு தடிக்கும், சுமை இல்லாத இடத்தில் மெலியும் என்பதை ஜெர்மன் வைத்தியர் யூலியஸ் வொல்ஃப் 1892இலேயே எழுதி வைத்தார். உலோகத் தண்டு எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. உடல் பாரம் தண்டின் வழியாகக் கீழே இறங்கிவிடுவதால் தொடையெலும்பின் மேற்பகுதிக்கு வேலை இல்லாமல் போகிறது. முதல் ஓரிரு வருடங்களில் அங்கே எலும்பின் அடர்த்தி குறைந்து, பிறகு பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்து நிற்கும். கோபால்ட்-குரோம் தண்டைவிட டைட்டேனியம் தண்டு ஏறக்குறைய பாதி விறைப்புதான் என்பதால் அதில் இந்த இழப்பு குறைவு. தண்டு தடித்தால் இழப்பும் கூடும்.

இரண்டாவது, தேய்மானத் தூள். கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை நடக்க நடக்கத் தேயும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை விழுங்கும் உடலின் காவல் செல்கள், கூடவே பக்கத்து எலும்பை அரிக்கும் வேலையையும் தூண்டிவிடுகின்றன. வலி தெரிவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் ஓட்டைகள் விழுந்திருக்கும். 1990களின் கடைசியில் வந்த, கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. என்னைக் கேட்டால், இந்தப் பிளாஸ்டிக் மாற்றம் காப்பாற்றிய எலும்பு, வெட்டும் முறையை மாற்றிக் காப்பாற்றியதைவிடக் கூடுதல். ஆனால் அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஒரு மூட்டு எத்தனை வருடம் தாங்கும்?

2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, 100 முழு இடுப்பு மாற்றுகளில் 58 அளவில் 25 வருடம் கடந்தும் மாற்றப்படாமல் இருந்தன. 15 வருடத்தில் அந்தக் கணக்கு 89. அவை பழைய தலைமுறை மூட்டுகள். 72 வயதில் மாற்றுகிறவருக்கு அந்த ஒன்றே போதும் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. 42 வயதில் மாற்றுகிறவர் இரண்டாவதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வயதைப் பார்க்காமல் "எலும்பு மிச்சம்" என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. சீமெந்து வைத்துப் பொருத்துவோம் என்கிறார்கள். அது பழைய முறை, எலும்பைக் கெடுக்கும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பழைய முறை என்பது சரி. கெடுக்கும் என்பது, அம்மாவின் வயதில், சரியில்லை.

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி நிலைநிறுத்திய மூட்டு சீமெந்து வைத்ததுதான். இன்றைய மூட்டு மாற்றுக்கு அடித்தளமே அது. பெயர் சீமெந்து என்றாலும் அது அக்ரிலிக் பசை போன்ற பொருள். பிசைந்து உள்ளே அழுத்தினால் சில நிமிடங்களில் இறுகும். எலும்பின் சிறு துளைகளுக்குள் புகுந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். எலும்போடு வேதியியலாக ஒட்டுவதில்லை.

சீமெந்தில்லாத தண்டில் மேற்பரப்பு சொரசொரப்பாகவோ, எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ரொக்சி அபடைட் பூசியதாகவோ இருக்கும். அதை இறுக்கமாக அடித்து இறக்கினால், சில வாரங்களில் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இதற்கு எலும்பில் பலமும் வளரும் சக்தியும் வேண்டும். 70 கடந்த, எலும்பு மெலிந்த பெண்களுக்கு அடித்து இறக்கும்போதோ அடுத்த சில மாதங்களிலோ தண்டைச் சுற்றி எலும்பு பிளக்கும் ஆபத்து கூடுதல். அப்படிப் பிளந்தால் போகிற எலும்பு, சீமெந்தால் போவதைவிடப் பல மடங்கு.

சீமெந்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் மூட்டைக் கழற்ற நேர்ந்தால் குழாயின் அடி வரை இறங்கிய சீமெந்தைச் செதுக்கி எடுக்க வேண்டியிருக்கும். அப்போது நல்ல எலும்பும் சேர்ந்து போகலாம். 50 வயதுக்காரருக்குச் சீமெந்தில்லாததையே பெரும்பாலும் தெரிவு செய்வதன் காரணங்களில் இது ஒன்று. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கவலை பெரிதல்ல.

குட்டைத் தண்டு என்று ஒன்று உண்டாமே?

உண்டு. பொதுவாக 12 சென்ரிமீற்றருக்குக் குறைவான நீளம். தொடையெலும்பின் மேல் அகலமான பகுதியிலேயே பிடித்துக்கொள்ளும். சில வகைகளில் கழுத்தைக் கொஞ்சம் மேலே அறுத்து, மீதியை வைத்துக்கொள்வார்கள். பாரம் மேல் எலும்பின் வழியாகவே இறங்குவதால் மெலிவு குறையலாம். அடுத்த தடவை தேவைப்பட்டால் வழக்கமான தண்டுக்கு இடம் இருக்கும். இளவயது, நல்ல எலும்பு, பழக்கமான கை மூன்றும் சேர்ந்தால் நல்ல தெரிவு. அந்தத் தண்டில் பழக்கமில்லாதவரிடம் அதைத்தான் போட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம்.

எனக்கு 46 வயது, லொறி ஓட்டுகிறேன். கழுத்தை வெட்டாமல் மேலே மூடி மட்டும் போடும் முறை இருக்கிறதாம். அது எனக்குச் சரிவருமா?

நீங்கள் சொல்வது ரிசர்பேஸிங். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் சீவி, மேலே உறை போடுவதைப் போலத்தான்: தலையின் மேற்பரப்பைச் சீவி உலோகத் தொப்பி மாட்டுவார்கள். கிண்ணக்குழியில் உலோகக் கிண்ணம். கழுத்து அப்படியே இருக்கும், தொடையெலும்பின் குழாயில் நீளத் தண்டு எதுவும் இறங்காது. தொடையெலும்புப் பக்கம் எலும்பைக் காப்பாற்றுவதில் இதை மிஞ்சிய முறை இல்லை. பின்னாளில் கெட்டாலும், கழுத்தை அறுத்து வழக்கமான முதல் மாற்றைப் போலவே தண்டு போடலாம். இங்கிலாந்தின் பெர்மிங்ஹாமில் டெரெக் மக்மின் 1990களில் இதை மறுபடி எழுப்பினார். அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது.

இனி மறுபக்கம். தொப்பி பெரிது, அதனால் கிண்ணமும் பெரிதாகத்தான் வேண்டும். மக்மினின் பெர்மிங்ஹாம் வகையில் கிண்ணம் தொப்பியைவிட 6 அல்லது 8 மில்லிமீற்றர் அகலம். 48 தொப்பிக்கு 54 அல்லது 56 கிண்ணம். வைத்தியர் கவனமாக இல்லாவிட்டால் தொடையில் மிச்சம் பிடித்த எலும்பைக் கிண்ணக்குழியில் செலவழித்துவிடுவார். கிண்ணக்குழி எலும்பு போனால் ஈடுசெய்வது சிரமம். கைதேர்ந்தவரிடம் இந்த இழப்பு வழக்கமான மாற்றுக்குச் சமமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கைதேர்ந்தவர் என்பதுதான் அங்கே முக்கியம்.

அப்புறம், விட்டுவைத்த கழுத்தே முறியலாம். 100 பேரில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் மாதங்களில். அதனால்தான் எலும்பு மெலிந்தவர்களுக்கும், தொடையெலும்புத் தலைக்குள் பெரிய நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் இது வேண்டாம் என்பார்கள்.

உங்களைப் போல வாட்டசாட்டமான, 60க்குக் கீழான, தொடையெலும்புத் தலை பெரிதான ஆணுக்குத்தான் இது மிக நன்றாக வேலை செய்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ஆனால் இதைத் தொடர்ந்து செய்து வருகிற வைத்தியர் கிடைக்காவிட்டால், சீமெந்தில்லாத நல்ல முழு மாற்றே மேல். அரிதாகச் செய்கிற கையில் எலும்பை மிச்சம் பிடிக்கும் முறை எலும்பைத் தின்னும் முறையாகிவிடும்.

பெண்களுக்கு ஏன் அது வேண்டாம் என்கிறார்கள்?

உலோகத்தில் உலோகம் உரசுவதால். கோபால்ட், குரோமியம் துகள்கள் கழன்று மூட்டைச் சுற்றிய சதையையும் எலும்பையும் கெடுக்கலாம், இரத்தத்திலும் கலக்கும். தலை சிறிதாக இருந்தால் இந்தத் தேய்மானம் கூடுதல். பெண்களின் தொடையெலும்புத் தலை பொதுவாகச் சிறிது. 2010 ஆகஸ்டில் டிபுய் நிறுவனம், உலோகத்தில் உலோகம் உரசும் தன் ஏ.எஸ்.ஆர். வகை மூட்டுகளை உலகெங்குமிருந்து திரும்பப் பெற்றதற்குக் காரணம், 5 வருடத்துக்குள்ளேயே ஏறக்குறைய 8 பேரில் ஒருவருக்கு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. 2015இல் பெர்மிங்ஹாம் வகையிலும் 46 மில்லிமீற்றரும் அதற்குக் கீழுமான அளவுகள் விலக்கப்பட்டன. பெண்களுக்குப் போட வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள்.

கலந்த உலோகத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, ஆணோ பெண்ணோ, இந்த முறை ஆகாது. மகாவலி பக்கத்துக் கிராமங்களிலும் ஊவாவின் தாழ்ந்த பகுதிகளிலும் சிறுநீரக நோய் நம் நாட்டின் பெரிய பிரச்சினை. அங்கிருந்து வருகிறவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினின் பரிசோதனைத் துண்டையும் கொண்டுபோங்கள்.

மாமியார் படியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. "பாதி மாற்று" என்கிறார்கள். மீதிப் பாதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

கிண்ணக்குழி நன்றாக இருப்பதால். தேய்மானத்தால் வந்தவருக்கு இரண்டு பக்கமும் கெட்டிருக்கும். விழுந்து முறிந்தவருக்குத் தலைப் பக்கம்தான் பிரச்சினை. முறிந்த தலையை எடுத்து அதே அளவு உலோகத் தலையைத் தண்டோடு வைத்தால், கிண்ணக்குழி எலும்பைத் தொடவே வேண்டாம். நேரம் குறைவு, இரத்த இழப்பு குறைவு. ஒஸ்டின் மூர், தொம்சன் என்ற பெயர்களையும், இரண்டு இடத்தில் சுழலும் பைபோலார் என்ற வகையையும் கேள்விப்படுவீர்கள்.

குறை என்னவென்றால், உலோகத் தலை சொந்தக் குருத்தெலும்பில் உரசி நாளடைவில் கிண்ணக்குழியைத் தேய்க்கும். வீட்டுக்குள் நடமாடும் 80 வயதுக்காரருக்கு அது பிரச்சினையாகும் முன் காலம் போய்விடும். மலை ஏறி இறங்கும் 62 வயதுக்காரருக்கு முழு மாற்று பற்றிக் கேட்பது நல்லது.

இதில் ஒரு கெஞ்சல். கழுத்து முறிவுக்கு எண்ணெய்க் கட்டு, மூங்கில் பத்தை போட்டு லயத்தில் படுக்க வைக்காதீர்கள். தொடையெலும்பின் தலைக்கு இரத்தம் போகும் குழாய்கள் அதன் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. கழுத்து விலகி முறிந்தால் அவையும் அறும். வெளியிலிருந்து கட்டி அதைப் பொருத்த முடியாது. நாள் போகப் போக கழுத்து எலும்பு கரையும், படுக்கைப் புண், நெஞ்சுச் சளி வரும். கை முறிவுக்குக் கட்டு வைத்தியம் பார்த்துச் சுகமானவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காக இதையும் அதோடு சேர்க்கக் கூடாது.

தம்பிக்கு 36 வயது. தொடையெலும்பின் தலை "செத்துப்போச்சு" என்கிறார்கள். எலும்பைக் காப்பாற்ற வழியே இல்லையா?

தலை குழிந்துபோவதற்கு முன் வந்தால் இருக்கிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தலை சாவதற்கு நீண்ட நாள் ஸ்டீரொய்ட் மருந்தும் அளவுமீறிய குடியும் முக்கிய காரணங்கள். ஆரம்பக் கட்டத்தில், எக்ஸ்ரேயில் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும்போது, தலைக்குள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை சிலருக்கு மூட்டை வருடக் கணக்கில் காப்பாற்றித் தருகிறது. தலை சப்பையான பிறகு மாற்றுத்தான். தொப்பி மாட்ட உயிருள்ள எலும்பு வேண்டும் என்பதால் தலையின் பெரும்பகுதி செத்திருந்தால் ரிசர்பேஸிங் சரிவராது. 36 வயது என்பதால் சீமெந்தில்லாத தண்டு, தேய்மானம் குறைந்த உறை பற்றிப் பேசுங்கள். குடியை நிறுத்தாவிட்டால் மற்றப் பக்கமும் போகும். இந்த நோய் பல நேரம் இரண்டு பக்கமும் வருவது.

வலியைத் தாங்கிக்கொண்டு முடிந்தவரை தள்ளிப்போட்டால் எலும்பு மிச்சம்தானே?

எல்லோருக்கும் இல்லை. சாதாரணத் தேய்மானத்தில், மாத்திரையும் பயிற்சியும் ஊன்றுகோலும் கொண்டு சில வருடம் ஓட்டலாம், தவறில்லை. (ஊன்றுகோல் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள்.) ஆனால் தலை கிண்ணக்குழியின் உட்சுவரைத் தேய்த்து உள்ளே இறங்குகிறது, அல்லது குழியின் மேல்விளிம்பு தேய்ந்து தலை மேலேறுகிறது என்று எக்ஸ்ரே காட்டினால், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அடுத்த கிண்ணம் உட்கார வேண்டிய எலும்பைத்தான் தின்கிறது. இதைக் கேட்காமல் தீபாவளிக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு என்று தவணை போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முந்திய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வைத்தியரைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவை செய்யும்போது எலும்பு போதாவிட்டால்?

வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் முதல் தடவையைவிடப் பாரம். குழிகளை இன்னொருவரின் எலும்புத் துகளால் நிரப்பி இறுக்கி அடிக்கும் முறையை நெதர்லாந்தின் நைமேகன் வைத்தியர்கள் 1970களின் கடைசியில் கிண்ணக்குழிக்கு வளர்த்தெடுத்தார்கள். பிறகு இங்கிலாந்தின் எக்ஸ்டரில் தொடையெலும்புக்கும் கொண்டுவந்தார்கள். அந்த எலும்பு பெரும்பாலும், முதல் மாற்று செய்துகொண்ட வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த தலைகள்தான். கொழும்பிலும் மனித திசு வங்கி ஒன்று இருக்கிறது. மேல் எலும்பு முற்றாகப் போயிருந்தால், அதைத் தாண்டிக் கீழே நல்ல எலும்பைப் பிடிக்கும் நீளமான டைட்டேனியம் தண்டு. கிண்ணக்குழிக்கு, எலும்பு உள்ளே வளரக்கூடிய துளையுள்ள உலோகத் துண்டுகள். விலையும் நேரமும் கிருமித் தொற்று ஆபத்தும் எல்லாம் கூடும்.

மாற்றிய பிறகு கொழுந்து பறிக்கப் போகலாமா? குந்தலாமா?

சமதரையில் நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவில் பாரம் விழுகிறது. அதில் முதுகுக் கூடையும் ஈரச் சரிவும் சேர்ந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடப்பது, வீட்டு வேலை, காய்கறித் தோட்டத்தில் லேசான வேலை எல்லாம் எலும்புக்கு நல்லதே. பாரம் ஏறினால்தான் எலும்பு தடிக்கும். ஆனால் பாரத்தோடு மலை ஏறி இறங்கும் வேலை வேண்டாம் என்பதே என் கருத்து. லேசான வேலை கொடுக்கும்படி வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள்.

குந்துவது வேறு கதை. பின்பக்கத்தால் திறந்து செய்தவர்களுக்கு முதல் 6 முதல் 12 வாரம் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம், காலுக்கு மேல் கால் போட வேண்டாம் என்பார்கள். இல்லாவிட்டால் மூட்டு கழன்றுவிடலாம். லயத்துக் குந்து மலசலகூடம் இங்கேதான் சிக்கல். வைத்தியசாலையிலிருந்து வருவதற்கு முன்பே, நடுவில் ஓட்டை வெட்டிய உயரமான கதிரையையும் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியையும் தயார் செய்துவையுங்கள். வாசற்படிக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் மண் படி இருந்தால் அதற்கும் கைபிடி. பிற்காலத்தில் குந்தலாமா என்பது போட்ட மூட்டைப் பொறுத்தது, அதை அவரவர் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

எலும்பு பலப்பட என்ன சாப்பிடலாம்?

நெத்தலி, பால், கீரை, முட்டை. விற்றமின் டி குறைவா என்று இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பு மெலிவுக்கான மருந்து தேவையா என்று கேளுங்கள். சுருட்டையும் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே விட வேண்டும், சீமெந்தில்லாத மூட்டில் எலும்பு வளர்ந்து பிடிப்பதை நிக்கொட்டின் தடுக்கும். மூட்டில் கிருமித் தொற்று வராமலிருக்க, சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

எங்கே போவது?

தோட்ட டிஸ்பென்சரியிலோ டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலையிலோ காட்டி, எலும்பு கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை பெரிய வைத்தியசாலைகளுக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மூட்டுக் கருவி இருப்பில் இல்லாமல் வெளியில் வாங்கச் சொல்வது சில நேரம் நடக்கும். அப்போது ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கச் சொன்னால் வகை, அளவு, சீமெந்து உள்ளதா இல்லாததா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னது விளங்கவில்லையென்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்த தாதியையோ வீட்டில் படித்த பிள்ளையையோ கூட வைத்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

முடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

போட்ட மூட்டின் பெட்டியில் ஒட்டுத்தாள்கள் இருக்கும்: நிறுவனத்தின் பெயர், தண்டின் அளவு, கிண்ணத்தின் அளவு, தொகுதி இலக்கம். ஒரு தொகுதியை வைத்தியசாலைப் பதிவில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் கிளினிக் கொப்பியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் போனில் படம் பிடியுங்கள். 15 வருடம் கழித்து வேறு வைத்தியர் அந்த மூட்டைக் கழற்ற நேர்ந்தால், எந்தத் தண்டு என்று தெரிந்தால் அதற்கான கருவியைத் தயாராக வைத்துக்கொண்டு குறைந்த எலும்புச் சேதத்தோடு எடுப்பார். தெரியாவிட்டால் எலும்பை உடைத்துத்தான் தேட வேண்டிவரும். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் எக்ஸ்ரேயையும் வாங்கி வையுங்கள், புகைக்கூட்டுக்குப் பக்கத்திலோ கூரை ஒழுகும் இடத்திலோ அல்ல. அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட அதுதான் அளவுகோல். வலி இல்லாவிட்டாலும் வைத்தியர் சொன்ன வருடத்தில் எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும்.